விண்மீனே, என்னை உடுத்து

பூமிகா சுழன்று நின்றபோது எதிரே, கூட வேலை செய்யும் ஈஸ்வரி நின்றிருந்தாள்.

சாப்பாட்டு நேரம், யாரும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் பூமிகா துடைப்பக் கம்பைத் தூக்கியிருந்தாள். கும்மிடிப்பூண்டி கம்பெனியின் பேக்கிங் கூடம் அது. அவளைச் சுற்றித் தெர்மாகோல் மணிகள் மிதந்து மிதந்து இறங்கின. கூரை இடுக்கில் விழுந்த வெயிலில் ஒவ்வொன்றும் நட்சத்திரம். அவளுக்கு அது கூடமே இல்லை, நிலாமணியின் வானம்.

நிலாமணி, தமிழ் பேசும் ஜப்பான் கார்ட்டூன் பெண். மந்திரம் சொல்லிச் சுழன்றால் உடை மாறி வீராங்கனை ஆவாள். ஆனால் அந்தத் தொடரில் எல்லாமே ஏறுமாறு. உடை பாதிதான் வரும். பேசும் பூனை தப்பான யோசனையே சொல்லும். அரக்கன் பாவம், அவள் மாறி முடிக்கும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பான்.

"இன்னாடி சொன்ன இப்போ?" என்றாள் ஈஸ்வரி.

கார்ட்டூன் என்று சொன்னால், எதில் பார்த்தாய் என்பாள். கூடத்துக்குள் போன் பிடிபட்டால் வேலை போய்விடும். போனோ இடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தது.

"விண்மீனே, என்னை உடுத்து."

ஈஸ்வரியின் டிபன் டப்பா கீழே விழுந்தது. "ஐயோ, உடுத்துன்னு பெரியபாளையத்து ஆத்தா வேப்பஞ்சேலை கேக்குறா! வேண்டிக்கினு இன்னும் கட்டலியே நானு! ஓடியாங்கடி, பூமிகாவுக்கு சாமி வந்துட்சி!"

கூட்டம் கூடிவிட்டது.

"ஐயோ, நான் இல்லக்கா!"

"பாத்தியா, அவ இல்லியாம்! ஆத்தாதான் பேசுறா! இன்னா கொறை தாயி, சொல்லு!"

பதறிய வாயில் தொடரின் வசனம்தான் வந்தது. "இருளின் தலைவன் உங்கள் நடுவிலேயே இருக்கிறான்!"

எல்லோரும் சூப்பர்வைசர் ஜெயராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கரண்டு மிச்சமென்று விளக்கையெல்லாம் அணைப்பவர் அவர்தான்.

"இன்னா பேஜாரு இது?" ஜெயராஜ் ஓடிப்போய் எல்லா விளக்கையும் போட்டார். பிறகுதான் அவருக்கு ரோஷம் வந்தது. "நெசமா சாமியா, டிராமாவா? டிராமான்னா இன்னிக்கே ஊட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம். சந்திரக்கா, நீயே பாத்துச் சொல்லு."

சந்திரகலாவுக்கு ஆடி மாதம் சாமி வரும். குறி கேட்கச் சோழவரத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். அவள் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அவள் பூமிகாவின் முகவாயை நிமிர்த்திக் கண்ணுக்குள் பார்த்தாள். "இன்னொரு வாட்டி சுத்து."

பூமிகா அழுதுகொண்டே சுற்றினாள். பாதிச் சுற்றில் போன் இடுப்பிலிருந்து வழுக்கியது. சட்டென்று சந்திரகலா அவளை இறுக அணைத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவே போன் நசுங்கி நின்றது.

"சாமிதான்," என்றாள் சந்திரகலா.

ஜெயராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மூஞ்சி கழுவிக் கூட்டியாறேன். யாரும் பின்னால வராதீங்க."

குழாயடியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சந்திரகலா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எடது கால முன்ன வெச்சு சுத்தணும்டி. எனக்கு ஆடி மாசம் வர்றதும் நிலாமணிதான்."