குறைதீர்க்கப்பட்ட கிடார்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் போதும். மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. எழுத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் ஒருவழியாகக் குறையே இல்லாத ஒரு கிடாரை உருவாக்கியது. அந்த மூன்றாவது சாதனையின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சாதனையாளர் ஒரு பெரிய அலுவலகத்தில் 'பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவின்' கண்காணிப்பாளர். அவருடைய வழிமுறை மிக எளிமையானது. குறை யாரால் வந்தது என்று கேட்கக் கூடாது. எந்தப் பொருளை மாற்றலாம் என்றுதான் கேட்க வேண்டும். யாரால் என்று கேட்டால் மனஸ்தாபம் வரும். பொருளை மாற்றினால் திறப்பு விழா வரும்.

மூன்றாம் நம்பர் கவுன்ட்டரில் ஆளே இருப்பதில்லை என்று ஒரு சமயம் புகார்கள் குவிந்தன. வேறொருவராக இருந்தால் அந்த ஆளைத் தேடிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியிருப்பார். நம்மவர் நாற்காலியை மாற்றினார். பஞ்சு வைத்தது, சுழல்வது, முதுகைச் சாய்த்தால் தானும் சாய்வது. ஆள் அப்புறமும் வரவில்லை. ஆனால் காலியாகக் கிடந்தாலும் கவுன்ட்டருக்கு ஒரு களை வந்துவிட்டது. புகார்களும் பாதியாகக் குறைந்தன. இப்பேர்ப்பட்ட நாற்காலியில் உட்காரப் போகிறவர் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது என்று ஜனங்கள் பயபக்தியோடு காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். கண்காணிப்பாளர் அன்று வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை நாற்காலி மாதிரி தானே சுழன்றும் காட்டினார்.

மனைவி தையல்காரம்மா. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் மிதி மெஷின். மிதிக்கும்போது பாடுவார். பாடுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. மெஷின் நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஒருநாள் பேன்ட்டை மடிப்பு அடிக்கக் கொடுக்க வந்த குடியிருப்போர் சங்கத் தலைவர், ஜன்னலுக்கு வெளியே ஒரு பாட்டு முழுவதும் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ஆண்டு விழாவுக்கு நீ பாடணும்."

"நானா? நாலு பேர் முன்னாடி நின்னா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்ணே."

"அடைச்சுக்கிட்டா தண்ணி தர்றோம். ஆறு வாரம் இருக்கு."

தையல்காரம்மா அன்று மூன்று பட்டன் காஜாவைக் கோணலாக அடித்தார். சாயங்காலம் கணவரிடம் வந்து, பரணில் கிடந்த அவருடைய மின்கிடாரைக் கண்ணால் காட்டினார்.

"ஏங்க, நீங்க பக்கத்துல நின்னு வாசிச்சா நான் பாடிடுவேன். தனியா மட்டும் என்னால முடியாது. மூணே மூணு கார்டுதானாம், எதிர்வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு."

"மூணு என்னம்மா, முப்பதுகூட வாசிக்கிறேன்" என்றார் கண்காணிப்பாளர். அந்த அம்மாவின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதையில் பணயம் வைக்கப்பட்டது அதுதான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறந்துவிடுவார்.

கிடார் மலிவு விலைக் கிடார். இளமை வேகத்தில் வாங்கி, அதே வேகத்தில் பரணில் ஏற்றியது. தூசி தட்டி, ஒலிபெருக்கியில் மாட்டி, முதல் கார்டைப் போட்டார், அதாவது சில கம்பிகளை விரல்களால் சேர்த்து அழுத்தி ஒன்றாக மீட்டினார். 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சலுக்கு நடுவே ஏதோ கேட்டது. இரண்டாவது கார்டுக்கு விரலை மாற்றினார். 'டப்' என்றது. மறுபடி போட்டார். மறுபடி 'டப்'.

வேறு யாராவது என்றால் மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்திருப்பார்கள். நம்மவர் ஒரு கோப்பைத் திறந்தார். அட்டையில் 'கிடார் – குறைகள் – அவசரம்' என்று எழுதினார். புகார் எண் ஒன்று: 'டப் எனும் ஓசை. பொறுப்பான பாகம்: பிக்கப்.' பிக்கப் என்றால் கம்பிகளுக்கு அடியில் இருக்கிற, காந்தம் வைத்த சின்னக் கட்டைகள். கம்பி அதிர்வதைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அவைதான்.

மறுநாளே சாப்பாட்டு மேசையில் 'தொழில்நுட்ப ஆய்வுக் கூட்டம்' கூடியது. தலைமை: கண்காணிப்பாளர். உறுப்பினர்: அலுவலகத்தின் எலெக்ட்ரீஷியன். ஃபியூஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஃபியூஸ் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், அந்த ரெண்டாவது கார்டுல உங்க விரல் கம்பியில சரியா அழுந்தலையோ?"

"அது உங்க பிரிவு இல்ல."

"இல்ல சார், வந்து…"

"நீங்க ஒயரைப் பத்திப் பேசுங்க."

ஃபியூஸ் ஒயரைப் பற்றிப் பேசினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

புதிய பிக்கப்கள் மூன்று, பட்டுத் துணி விரித்த பெட்டிக்குள் படுத்தபடி வந்தன. கிடாரை விட அவற்றின் விலை அதிகம் என்பதால் கிடாரே அவற்றின் முன் கொஞ்சம் குனிந்த மாதிரி இருந்தது. பழையவற்றைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மாவின் குண்டூசி டப்பா கை தவறிக் கவிழ்ந்தது. ஊசிகள் சரசரவென்று போய்ப் பழைய பிக்கப்பில் ஒட்டிக்கொண்டன.

"அடடே! இது நல்லா வேலை செய்யுதேங்க. இதையா கெட்டுப்போச்சுன்னு கழட்டினீங்க?"

"அதுக்குப் பணி ஓய்வு கொடுத்தாச்சும்மா."

"அப்ப எனக்கு வேலைக்கு வரட்டும்" என்று மூன்றையும் எடுத்து மெஷின் பலகையில் வைத்துக்கொண்டார். "சரி, புதுசு மாட்டியாச்சே. ஒரு தடவை பாடிப் பார்ப்போமா?"

"இப்ப அது பிரிஞ்சு கிடக்கும்மா. சால்டரிங் வெச்ச ஈயம் ஆறணும்."

"அது அப்பவே ஆறிடுச்சு சார்" என்றார் ஃபியூஸ்.

கண்காணிப்பாளர் அவரைப் பார்த்த பார்வையில் ஈயம் மறுபடி உருகியிருக்கும்.

இப்படித்தான் நாட்கள் போயின. பிக்கப் மாற்றிய பிறகும் இரண்டாவது கார்டு 'டப்' என்றது. இந்த முறை இன்னும் தெளிவாக. ஆகவே கம்பியை முறுக்கும் கீ ஆறும் குற்றவாளிகள் என்று கண்டறியப்பட்டு மாற்றப்பட்டன. பிறகு கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் மீது சந்தேகம் விழுந்தது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைப் பிரித்து வைக்கும் வெள்ளைப் பட்டை பிளாஸ்டிக் என்று தெரியவந்ததும் கண்காணிப்பாளர் ஒருவேளைச் சோற்றைத் தள்ளி வைத்தார். எலும்பில் செதுக்கியது வந்த பிறகுதான் சாப்பிட்டார். வெளி இரைச்சல் உள்ளே வராமல் இருக்கக் கிடாரின் வயிற்றுக்குள் செப்புத் தகடு ஒட்டினார்கள். வால்யூம் குமிழ் சொரசொரவென்று திரும்புவதாக ஒரு புகார் வந்தது. கொடுத்தவரும் அவரே, பெற்றுக்கொண்டவரும் அவரே. சுண்டு விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு திரும்புகிற குமிழ் ஒன்று மாட்டப்பட்டது.

வாசிப்பு? அது 'சோதனை ஓட்டம்' என்ற பெயரில் ஒழுங்காக நடந்தது. ஒரு கம்பியை ஒரு முறை தட்டுவார், கண்ணை மூடுவார், "முன்னேற்றம்" என்று கோப்பில் எழுதுவார்.

தையல்காரம்மா தினமும் கேட்டார். கிடார் தினமும் பிரிந்து கிடந்தது. பட்டன் டப்பாவில் கை விட்டால் திருகாணி வந்தது. வேறு வழியில்லாமல் மெஷினை மிதித்தபடியே பாட்டைப் பழகிக்கொண்டார். வேகமாகப் போகிற இடத்தில் வேகமாக மிதித்தார். இழுத்துப் பாடுகிற இடத்தில் காலையும் இழுத்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை. முழுப் பாட்டு. எனக்குப் பயமா இருக்கு."

"கவலையே படாதம்மா. இனிமே இதுல ஒரு குறைகூடக் கிடையாது. நானே சான்றிதழ் தர்றேன்."

தந்தார். முத்திரையோடு.

விழா மண்டபத்தில் மரப்பலகை மேடை. எதிரே மடக்கு நாற்காலிகளில் முந்நூறு பேர். தையல்காரம்மா மைக்குக்கு முன்னால் நின்றார், கையில் பாட்டுத் தாளோடு. பக்கத்தில் கணவர், மார்பில் பளபளக்கும் கிடார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

முதல் கார்டு. அடேயப்பா! மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆறு கம்பிகளும் ஆறு வெள்ளி மணிகள் போல ஒலித்தன. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து கைதட்டிவிட்டு மறுபடி தூங்கினார்.

இரண்டாவது கார்டு.

பழைய பிக்கப்பாக இருந்தால் எல்லாவற்றையும் இரைச்சலில் போட்டுப் போர்த்தியிருக்கும். நல்ல மனசு அதற்கு. புதியவை அப்படி இல்லை. ஒளிவு மறைவு தெரியாதவை. எந்தக் கம்பியில் விரல் அழுந்தவில்லை, எந்தக் கம்பியில் பக்கத்து விரல் இடித்தது, எந்தக் கம்பி சம்பந்தமே இல்லாமல் வாயைத் திறந்தது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக, முந்நூறு பேர் முன்னால் சாட்சி சொல்லின. 'டப்' என்பது அவ்வளவு அழகாக ஒலித்தது உலக வரலாற்றில் அதுதான் முதல் முறை.

கண்காணிப்பாளர் வழக்கப்படி பொறுப்பான பாகத்தைத் தேடினார். பிக்கப், புதிது. பிரிட்ஜ், புதிது. கீ, பட்டை, ஒயர், எல்லாம் புதிது. பார்வை கிடாரின் கழுத்து வழியாக ஏறி, தன் விரல்களைத் தாண்டி, மணிக்கட்டு வரை வந்து நின்றது. அதற்கு மேல் அவருடைய அதிகார எல்லையில் இல்லை.

அப்போது அவருடைய சுண்டு விரல், யாரிடமும் உத்தரவு கேட்காமல், வால்யூம் குமிழைத் தொட்டது. குமிழ் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பூஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மா முதல் வரியைத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தார். கணவரின் கை மேலும் கீழும் பிரமாதமாக அசைந்துகொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஓர் உருக்கம். கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. குரல் இறங்கியது. தொண்டை அடைத்துக்கொண்டது. முதல் வரிசையில் தலைவர் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார்.

அடுத்து நடந்ததற்கு எந்த ஆய்வுக் கூட்டமும் காரணமில்லை. அம்மாவின் வலது கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. தடக், தடக், தடக். மரப்பலகை மெஷினாகிவிட்டது. கால் ஓட ஓடப் பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்தில் முதல் வரிசையும் கால் தட்டியது. மூன்றாவதில் மண்டபம் முழுவதும் ஒரு தையல் கூடம் போல அதிர்ந்தது. முடிந்ததும் எழுந்த கைதட்டலில் தையல்காரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

தலைவர் மேடை ஏறினார். "தங்கச்சி, அடுத்த வருஷமும் நீதான்." பிறகு கண்காணிப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், கிடார்னா இது கிடார்! ஒரு பொட்டு இரைச்சல் இல்லையே. போன வருஷம் ஒருத்தர் வாசிச்சார், இன்னும் எனக்கு இந்தக் காது கேக்கல."

"உள்ளே முழுக்கச் செப்புத் தகடு" என்றார் கண்காணிப்பாளர், அடக்கமாக.

வீட்டுக்கு வந்தார்கள். தையல்காரம்மா உடுப்பில் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பிக்கப்பில் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தார். கணவர் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டுக் கேட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எது?"

"அதான்… கிடார்."

"நாற்காலி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"எந்த நாற்காலி?"

"மூணாம் நம்பர் கவுன்ட்டர் நாற்காலி" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை குரலில். "நல்லாப் பளபளன்னு இருந்துச்சு. நான்தான் யாராவது வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கண்காணிப்பாளர் மெதுவாகப் போய் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். 'புகார்: மேடையில் மனைவி தனியாகப் பாடும்படி ஆயிற்று. பொறுப்பான பாகம்:' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். இருபது வருடச் சேவையில் அந்தப் பேனா அவ்வளவு நேரம் நின்றதில்லை. ஜன்னலோரம் இருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பேனா அசைந்தது.

'வால்யூம் குமிழ். தேவைக்கு மேல் சுலபமாகத் திரும்புகிறது. உடனே மாற்றவும்.'

அடுத்த ஆண்டு விழாவுக்கு அந்த அம்மா பெயர் கொடுத்துவிட்டார். கூட வாசிக்க யாரும் வேண்டாமாம். மேடை மரப்பலகையாக இருந்தால் போதுமாம். கிடார் சுவரில் தொங்குகிறது. நான் முதலில் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன்: அதைப் போலக் குறையில்லாத கிடார் உலகத்தில் கிடையாது. சுவரில் ஏறியதிலிருந்து இன்றைய தேதி வரை அதிலிருந்து ஒரு தப்பான சுரம் வந்ததில்லை. வாசித்தால்தானே வரும்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சாமான்கள் சுமாராகவே இருக்கட்டும். கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் 'டப்', எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்கள் வீட்டில் ஒருத்தர் பயந்து பயந்து பாட எழுந்தால், பக்கத்தில் இருக்கிற நாற்காலி காலியாக இல்லாமல் இருக்கட்டும். வீடு நிறைந்து, குரல் நிறைந்து, எல்லோரும் நன்றாக இருங்கள்.