மீதி மருந்தைப் பத்திரப்படுத்துகிறவர்

மீதி மருந்தைப் பத்திரப்படுத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. டாக்டர் ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தால், இரண்டாம் நாளே நோயோடு பேசி முடித்துவிட்டு, மிச்சத்தை இறுக்கி மூடி, "நாளைப்பின்னே உதவும்" என்று எடுத்து வைக்கிறவர் இவர். நகரத்திலும் இருக்கிறார், படித்த வீடுகளிலும் இருக்கிறார். ஆனால் அவருடைய முழு அழகையும் பார்க்க வேண்டுமானால் மாட்டுப் பண்ணைக்குத்தான் வரவேண்டும்.

நம்மவர் இறைச்சிக்கு நாற்பது காளைகள் வளர்க்கிறார். அவர் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு ஒரு குட்டி ஆஸ்பத்திரி. கால் பாட்டில், அரை பாட்டில், அடியில் ஒட்டிய நாலு சொட்டு, எல்லாவற்றுக்கும் அவர் கைப்பட எழுதிய சீட்டு: "வயிறு – நல்லது", "காய்ச்சல் – ரொம்ப நல்லது", "தெரியவில்லை, ஆனால் நல்லது". காலையில் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குலுக்கி, மறுபடி வைப்பார். அந்த நேரத்தில் மனைவி எது சொன்னாலும் காதில் ஏறாது.

போன திங்கட்கிழமை செவலைக் காளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தண்ணீராகப் போனது, ரத்தமும் கலந்திருந்தது. மாட்டு டாக்டரம்மா வந்து குடலில் நோய் என்று சொல்லி, ஐந்து நாள் ஊசிக்கு மருந்து கொடுத்து, ஒரு வேளையும் தவறக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செவலை எழுந்து நின்று ஒரு வாய் வைக்கோல் தின்றது. போதாதா?

"எழுந்து நின்னுட்டான்ல. இனிமே எதுக்கு சும்மா குத்திக்கிட்டு?"

"அவங்க அஞ்சு நாள்னாங்களே" என்றாள் மனைவி.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

பாட்டில் கீழ்த்தட்டுக்குப் போனது. சனிக்கிழமை காலையில் செவலை கீழே விழுந்தது.

டாக்டரம்மா சாணத்திலேயே மண்டியிட்டு, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. கண்கள் குழிவிழுந்திருந்தன, காது சில்லிட்டிருந்தது.

"அஞ்சு நாளும் ஊசி போட்டீங்களா?"

"முழுசா போட்டாச்சு டாக்டர்."

எவ்வளவு கம்பீரமான பதில். கேட்கிறவர் திகைத்துப்போகும்படி, கண்ணிமைக்காமல், நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதில் இந்த இனத்தை யாரும் மிஞ்ச முடியாது.

டாக்டரம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "முழுசா போட்டும் கேக்கலைன்னா குடல் ரொம்பவே கெட்டுப்போயிருக்கும். இதுக்கு மேல அதை வதைக்க வேண்டாம். வலி இல்லாம முடிச்சிடலாம்." பையிலிருந்து வேறொரு ஊசியை எடுத்தார்.

என்றைக்கோ கறிக்கடைக்குப் போகவேண்டிய காளைதானே என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்டுப்பாருங்கள். தாய் செத்த கன்றாக இருந்த செவலைக்குத் தன் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அவர். இப்போது செவலையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் இனத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"முழுசான்னா... நாலு நாள் டாக்டர்."

டாக்டரம்மா மருந்தை ஊசியில் ஏற்றினார்.

"மூணுன்னு வெச்சுக்கங்களேன்."

அதற்குள் மனைவி வீட்டுக்குள் போய்த் திரும்பியிருந்தாள். கையில் பாட்டில். பாதிக்கு மேல் இருந்தது. மேலே சீட்டு: "செவலை – அதிசய மருந்து. தொடாதே."

டாக்டரம்மா சீட்டைப் படித்தார், அவரைப் பார்த்தார், எடுத்த ஊசியை அப்புறப்படுத்தினார். "அப்போ மருந்து தோத்துப்போகல. நீங்கதான் அதைப் பாதி வழியில திருப்பி அனுப்பிட்டீங்க. பிழைக்குமான்னு சொல்ல முடியாது. பார்ப்போம்."

கழுத்து நரம்பில் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறியது. சாணம் பரிசோதனைக்குப் போனது. செவலை தனிக் கொட்டிலுக்கு மாறியது. மறுபடி ஐந்து நாள் ஊசி, இம்முறை மருந்து மனைவியின் பொறுப்பு, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. மூன்றாம் நாள் செவலை எழுந்து நின்றபோது அவர் கண் கலங்கியது, கூடவே கை அரித்தது. "நின்னுட்டான், பாரேன்" என்று ஆரம்பித்தார். மனைவி ஊசியோடு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அடுத்தது தனக்குத்தானோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

செவலை பிழைத்தது. ஐந்தாம் நாள் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனைப் போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். போன காய்ச்சலுக்குக் கொடுத்த அட்டையில் இன்னும் நாலு மாத்திரை இருக்கும். அடுத்த தடவை டாக்டர் கேட்கும்போது நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த டாக்டரும் அதை நம்பிவிடுவார்.