டேஸ்டர் கொண்டுவந்த இரண்டு சீட்டுகள்

குன்னூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அப்போது நான் தலைவர். முதுகலைத் தமிழ் பயின்றவன். என் தீர்ப்பை மறுத்தவர் எவருமிலர், டேஸ்டரைத் தவிர.

தேநீரையும் கதாநாயகிகளையும் ஒரே நாக்கால் தரம் பிரித்தவர் உலகில் அவர் ஒருவரே. ஏலத்துக்கு வரும் தேயிலையை, எந்த எஸ்டேட் என்று பாராமல், வரிசையாகக் கோப்பை வைத்து முப்பது ஆண்டுகள் உறிஞ்சித் துப்பியவர். சினிமாவையும் அப்படித்தான் பார்ப்பார். நாவலில் படித்த நாயகி திரையில் தோன்றியதும் ‘சர்ர்’ரென்று காற்றை உறிஞ்சுவார், முன்வரிசைக்காரர்கள் குடையைத் தேடுவார்கள்.

“கலர் இருக்குதுங்க, திடம் இல்லீங்க. பாலை ஊத்திக் கெடுத்துப்போட்டானுங்க.” இதுவே அவர் விமரிசனம்.

சென்ற ஆண்டு, கணவன் கைவிட்ட பெண்ணைப் பற்றிய பழைய நாவல் ஒன்று இணையத் தொடராக வந்தது. கூட்டத்தில் அதை நான் கிழித்துத் தோரணம் கட்டினேன். “நாவலின் நாயகியை ஒரே வாக்கியத்தில் அடையாளம் காண்பேன். தவறினால் தலைமையைத் துறப்பேன்” என்றும் முழங்கினேன்.

அடுத்த ஞாயிறு டேஸ்டர் இரண்டு சீட்டுகளுடன் வந்தார். “ஏனுங்க, லேபிள் பாக்காம ருசி சொல்லிருவீங்களா?”

திரும்பி வந்த கணவனிடம் நாயகி சொல்லும் பதில். ஒன்று நாவலில் உள்ளது, மற்றது தொடரில் வருவது. எது எதுவென்று சீட்டின் பின்புறம் எழுதியிருந்தார்.

முதல் சீட்டு: “என்னைக் கைவிட்டீர்கள்; என் ஆன்மாவை எவராலும் கைவிட முடியாது.”

இரண்டாவது: “சோறு இருக்கிறது. உண்டுவிட்டுக் கிளம்பும்.”

“முதலாவதுதான் நாவல்” என்றேன். “இந்தக் கம்பீரம் வேறு யாருக்கு வரும்?”

டேஸ்டர் முதல் சீட்டைத் திருப்பினார். வாழ்நாளில் முதன்முறையாக எதையோ துப்பாமல் விழுங்கினார். அதற்குள் பக்கத்திலிருந்த மேரி டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“பின்னால ‘தொடர்’னுல்ல போட்டிருக்கு?”

“நாந்தானுங்க டீச்சர் மாத்தி எழுதிப்போட்டேன். ஐயா சொன்னதுதான் சரி.”

“முப்பது வருசம் கப்பு மாறாத கையிங்க!”

“வயசாச்சுங்கல்ல.”

பலத்த கைதட்டல். வீட்டுக்கு வந்து நாவலைப் புரட்டினேன். சோறு இருந்தது. ஆன்மா எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுத்த ஞாயிறும் தலைவர் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். அன்று முதல் பேக்கரியில் அவரைக் கண்டால், “டேஸ்டரே, இது டீயா காப்பியா, பாத்துச் சொல்லுங்க” என்பார்கள். சிரித்துக்கொண்டே குடிப்பார். என் பக்கம் திரும்பவே மாட்டார்.

சென்ற வாரம் மகள் வீட்டோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார். பதவி விலகல் கடிதத்தை நேற்று மேரி டீச்சரிடம் கொடுத்தேன்.

டேஸ்டரின் நாக்கு பிசகாது, கை ஒரே ஒருமுறை பிசகியது என்று வழியனுப்பு விழாவில் அனைவரும் பேசினர். அது தவறு. அவர் எதையும் மாற்றி எழுதவில்லை.