மஞ்சள் வயரும் என் தலை ரப்பரும்

என் வாயில் முதலில் சத்தம் வரும். யோசனை பிறகு, வசதிப்பட்டால் வரும். தங்கச்சியின் கலியாணத்தன்று அதற்கு வசதிப்படவில்லை.

வாப்பா கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பைத் தன் தம்பியிடம், எங்கள் சாச்சாவிடம், ஒப்படைத்துவிட்டு, "நான் கண்ணால பாத்தாப் போதும்" என்றார். அதற்காகவே கல்முனை வீட்டுக்கு ஃபைபர் லைன் எடுத்தோம். (எங்கள் ஒழுங்கையில் போன் சிக்னல் வேண்டுமென்றால் கூரைமேல் ஏற வேண்டும்.) காலையில் வாப்பா டிவியில் புதுச் சட்டையோடு பளிச்சென்று தெரிந்தார்.

பிறகுதான் ரவுட்டரிலிருந்து தொங்கிய மஞ்சள் வயர் என் கண்ணில் பட்டது. கலியாண வீட்டில் இதென்ன அசிங்கம் என்று நாலாக மடித்து, என் தலை ரப்பரால் இறுக்கிக் கட்டி, மேடைத் திரைக்குப் பின்னால் செருகினேன்.

இரவு மாப்பிள்ளை வந்து மேடையில் இருந்தபோது டிவி கறுப்பு. நிக்காஹ் நடத்த வந்த லெப்பை மணிக்கூட்டைப் பார்த்தார். "மருதமுனையில இன்னொரு கலியாணக் காவின் எழுத இருக்கு."

மாப்பிள்ளை ரியாஸுக்கு இந்த லைன் பூட்டுவதுதான் வேலை. விடுவேனா?

"கண்ணாடி நூலுக்குள்ள வெளிச்சம் ஓடுமெண்டு கதை விட்டீங்களே தம்பி, எங்க ஓடிட்டு?"

ரியாஸ் கோட்டைக் கழற்றினார். வேனிலிருந்து பையை எடுப்பித்து, சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா போன்ற ஒன்றை வயரின் நுனியில் பூட்டினார்.

"மேடை லைட்ட அணைங்க. திரைய விலத்துங்க."

இருட்டில் ஓரிடம் மட்டும் சிவப்பாக எரிந்தது. என் முடிச்சு. அதில் தொங்கிய பிளாஸ்டிக் ஸ்ட்ரோபெரி வரை தெரிந்தது.

"அது ராத்தாட ரப்பர்" என்று என்னைக் காட்டிக் கொடுத்தாள் மணப்பெண், அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து.

"வெளிச்சம் உள்சுவரில பட்டுப் பட்டுத் திரும்பித்தான் ஓடும் ராத்தா. இப்பிடிக் கழுத்த நெரிச்சா, சுவரால வெளிய போயிடும்."

அவிழ்த்தார். வயர் உடையவில்லை; ரவுட்டரில் திரும்பப் பூட்டினார். டிவியில் வாப்பா வந்துவிட்டார், கண்ணைத் துடைத்தபடி. லெப்பை தொடங்கினார்.

எனக்கு அன்று வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிது. வெளிச்சம் நேராகத்தான் போகும் என்று படித்தவள் நான். அதுவோ மயிரளவு கண்ணாடிக்குள் வளைவுக்கு வளைவு திரும்பி, கடலுக்கடியால் போய், வாப்பாவின் கண்ணீரைக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. நான் கடைக்கு அனுப்பும் ஒருவரும் முட்டையை அப்படிக் கொண்டு வந்ததில்லை.

இன்றும் வாப்பா வீடியோவில் வந்தால், சலாம் சொன்ன கையோடு கேட்பது ஒன்றுதான்.

"மகள், கொஞ்சம் திரும்புங்க. ரப்பர் தலையிலதானே இரிக்கி?"

திரும்பிக் காட்டிய பிறகுதான் மற்றக் கதை.