ஒழுகாத தொட்டியும் ஒரு மூலை மண்ணும்

இடங்காட்டி என்றொரு இனம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பல் மருத்துவரிடம் போய் ஆடாத பல்லாகப் பார்த்துக் காட்டிவிட்டுப் பெருமையோடு வாயை மூடிக்கொள்பவர்; வீடு பார்க்க வந்தவர்களை ஒழுகும் அறைப் பக்கமே விடாமல் ஜன்னல் காற்றைப் புகழ்ந்தபடி அரை மணி நேரம் நிற்க வைப்பவர்; சோதனை வேண்டாம் என்று மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டார். தாராளமாகச் சோதியுங்கள். எங்கே என்பதை அவர் சொல்வார்.

நம்முடைய இடங்காட்டி முப்பது வருடம் பெட்ரோல் நிலையம் நடத்தியவர். தம் நிலையத்தில் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை என்பார். தப்பித்தவறிச் சிந்தினாலும் பெட்ரோலே வெட்கப்பட்டுக் குழாய்க்குள் திரும்பிவிடும் என்பார். இப்போது நிலையம் மூடியாயிற்று, தொட்டிகளைத் தோண்டி எடுத்தாயிற்று. அந்த இடத்தில் அவர் மகள் மழலையர் பள்ளி தொடங்கப்போகிறாள். மண்ணில் எண்ணெய் கலக்கவில்லை என்று சான்றிதழ் வந்தால்தான் அனுமதி. புரளப்போவதும் பிள்ளைகள், வாயில் போட்டுக்கொள்ளப்போவதும் பிள்ளைகள் அல்லவா?

மண்ணைச் சோதிக்க வந்த அம்மாள் துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே தொட்டி இருந்த குழிக்கு நடந்தார். இவர் குறுக்கே ஓடினார்.

"அங்க எதுக்கும்மா வெயில்ல? இந்த மூலைக்கு வாங்க. நல்ல நிழல், மண்ணும் மெத்துன்னு இருக்கு."

"தொட்டி இங்கதானே ஐயா இருந்துச்சு?"

"இருந்துச்சு. இப்ப இல்லையே! இல்லாத தொட்டி எப்படிம்மா ஒழுகும்?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குழியில் எடுத்தார், சுற்றிலும் நாலு இடத்தில் எடுத்தார். கடைசியில், பெரியவர் மனம் நோகவேண்டாமென்று மூலையிலும் ஒரு குப்பி எடுத்தார். முகர்ந்தார். ஒரு புருவம் மேலே போனது. இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொள்ளமாட்டாரா? போன வாரம்தான் மச்சானிடம் சொல்லி, ஊர் விழிக்கும் முன்னே எழுந்து, இரண்டு லாரி புது மண் இறக்கி அந்த மூலையை மெழுகியதுபோல் நிரவியிருந்தார். மச்சான் லாரி பட்டறை வைத்திருப்பவர். மண்ணை அள்ளியது பட்டறையின் பின்பக்கம். வண்டி வண்டியாகப் பழைய எண்ணெயையும் டீசலையும் வடித்துக் கொட்டிய அதே பின்பக்கம். நாற்றம் தெரியவில்லையா என்கிறீர்களா? முப்பது வருடம் பெட்ரோலை முகர்ந்த மூக்குக்கு அது சாதாரணக் காற்று.

பத்து நாளில் அறிக்கை வந்தது. மகள் படித்தாள்.

"அப்பா, தொட்டிக் குழி சுத்தமாம். சொட்டு எண்ணெய் இல்லையாம்."

"நான்தான் தொண்டை கிழியச் சொன்னேனே!"

"நீங்க காட்டின மூலைதான் டீசலாம். எங்கிருந்து ஒழுகுதுன்னு தெரியாததால இடம் முழுக்கத் தோண்டிப் பாக்கணுமாம். இந்த வருஷம் பள்ளிக்கூடம் இல்லப்பா."

பாருங்கள் கூத்தை! ஊரெல்லாம் அடித்த பெருமை அத்தனையும் உண்மை. அதை நம்பாத ஒரே ஆள் அவர்தான்.

வாயை மூடிக்கொண்டால் மானம் மிஞ்சும், பள்ளி போகும். மகள் அறிக்கையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அது நம்ம மண்ணு இல்லம்மா," என்றார் செருப்பைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் கொண்டுவந்து கொட்டினேன். ரெண்டு லாரி. அந்தம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

"எதுக்குப்பா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு."

மகளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. பிறகு அடக்கமுடியாத சிரிப்பு. இரண்டு லாரி மண் வந்த வழியே போனது. பள்ளி ஒரு மாதம் தாமதமாகத் திறந்தது. மச்சான் மட்டும் இன்னும் பேசுவதில்லை.

நல்ல வேளை, நாமெல்லாம் அந்த இனமில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள். இருக்கட்டும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேண்டாம், வேண்டாம், "கூடத்திலேயே உட்காருங்கள்" என்று உபசரிக்காதீர்கள். எந்த அறை பூட்டியிருக்கிறதோ, அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.