மாமனார் கொடுத்த கிழங்கு

கொடி மறுபடியும் வீட்டுக்காரம்மாவின் ஜன்னலுக்குள் நுழைந்துவிட்டது.

"டெய்லர்! உன் செடி என் கட்டில் காலைச் சுத்தியிருக்கு!" என்று மாடியிலிருந்து மேடம் எரிம்மா போட்ட கூச்சலில் அபா நகரத்துத் தையல் மெஷின்கள் பாதி நின்றிருக்கும்.

அனோசியே வாயில் கவ்விய ஊசியோடு ஓடினான். கட்டிலிலிருந்து கொடியைப் பிரித்து எடுத்தான், குழந்தையை எடுப்பதுபோல.

"வெட்டித் தொலையேன்!"

"என் கல்யாணமே இதுலதான் தொங்குது மேடம்."

உண்மைதான். மழைக்காலத்துக்கு முன் அவன் பெண் கேட்டுப் போயிருந்தான். உலோமாவின் அப்பா டிகேயோச்சா, அந்தப் பக்கத்தில் பேர்போன வள்ளிக்கிழங்கு விவசாயி. இவன் கொண்டுபோன கள்ளைக் குடித்தார், விருந்தாளிக்குத் தரும் கோலாக் கொட்டையை உடைத்துக் கொடுத்தார், சம்மதம் மட்டும் சொல்லவில்லை. பயத்தில் இவன் கடையைப் பற்றி என்னென்னவோ உளறினான். கிளம்பும்போது அவர் ஒரு காட்டுவள்ளிக் கிழங்கை இவன் கையில் திணித்து, "துண்டு போட்டு வை. கவனமா இரு" என்றார். இன்னும் ஏதோ சொன்னார். படபடப்பில் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

இது சோதனை என்று அனோசியே புரிந்துகொண்டான். சோதனையைப் பெண்ணிடம்கூடச் சொல்லக்கூடாது என்றும் அவனாகவே முடிவு செய்தான். துண்டு போட்டான், முற்றத்தில் மண்ணைக் குவித்து நட்டான்.

கீழ்வீட்டில் குடியிருந்த ஆட்டோக்காரன் செலஸ்டின் முளையைப் பார்த்துச் சிரித்தான். "மூணு இலை, மேலெல்லாம் முள்ளு. இதக் காட்டுல பன்னிகூட சீண்டாதுடா!"

"அதான்டா சோதனை. நல்ல ஜாதிக் கிழங்க எவன் வேணா வளப்பான்."

நட்ட குச்சி ஒரே வாரத்தில் போதவில்லை. கொடியைத் துணி காயப்போடும் கயிற்றில் ஏற்றினான். முள் மாட்டி மேடம் எரிம்மாவின் லேஸ் ரவிக்கை கிழிந்தது. புது ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டுக் கொடியைக் கூரைக்கு மாற்றினான். அது டிவி டிஷ்ஷைச் சுற்றி இழுத்தது. சரியாகப் பெனால்டி அடிக்கும் நேரத்தில் படம் போனது.

"கோல் விழுந்துச்சா இல்லையா, அதச் சொல்லுடா பாவி!" என்று செலஸ்டின் அவன் சட்டையைப் பிடித்தான்.

அதற்காகத்தான் நெட்டை மூங்கில் ஒன்றை நட்டான். மூங்கில் சாய்ந்தது மேடத்தின் ஜன்னல் பக்கம்.

கடைசியில் முற்றத்தின் குறுக்கே கயிறுகளை இழுத்துக் கட்டினான். கொடி பந்தலாகப் படர்ந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து பெண்கள் கீரை ஆய்ந்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். மேடம் எரிம்மாவே நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு, "யாராவது இதுல கை வெச்சீங்க, வாடகைய ஏத்திருவேன்" என்றாள். தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது அனோசியே கொடியிடம் உலோமாவைப் பற்றிப் பேசினான். அவனுக்கே அது பிடித்துப் போயிருந்தது.

புதுக்கிழங்குத் திருவிழா வந்தது. தோண்டினான். கொத்துக் கொத்தாகக் கிழங்கு! ஒன்று விடாமல் செலஸ்டினின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் டிகேயோச்சாவின் காலடியில் கொட்டினான்.

பெரியவர் கிழங்கைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். மறுபடி கிழங்கைப் பார்த்தார். உதடு துடித்தது, கண்ணில் நீர் கோத்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"மாமா... பாஸா, ஃபெயிலா?"

"நீயா வளத்த? இவ்வளவையும்?"

"ஆமா மாமா. புள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன்."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "இதையே இப்பிடிப் பாத்துக்கிட்டவன் என் பொண்ண நல்லாத்தான் பாத்துப்பான். கூப்பிடுங்கடி உலோமாவ!"

செலஸ்டின் விசிலடித்தான். உலோமா வெட்கத்தோடு வந்து, சம்மதத்துக்கு அடையாளமாகக் கள்ளுக் கிண்ணத்தை அனோசியேவிடம் நீட்டினாள்.

கிழங்குக் குவியலைச் சுற்றி வந்த உலோமாவின் அம்மா மோவாயில் கை வைத்தாள்.

"அதெல்லாம் சரி மாப்ளே. கடையில எலித்தொல்லை தாங்கலைன்னு அன்னைக்கு அழுதீங்களே, விஷக்கிழங்க பூரா இங்க தூக்கிட்டு வந்துட்டா அங்க எலிக்கு என்னத்த வெப்பீங்க?"