கரடி தன் பைக்குக்கு ஃபாக் லைட் மாட்டிய கதை

ஒரு காட்டில் செங்கோடன் என்றொரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு பைக்கும் நிறையக் கல்யாண ஆசையும் இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வீட்டார் வரச் சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் பனிமூட்டம். போன தடவை அதே மலைப்பாதையில் உருண்டு, முகமெல்லாம் சேறாகப் போய் நின்றதில் ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஆகவே இரண்டு ஃபாக் லைட், ஏர் ஹாரன், போன் சார்ஜர் எல்லாம் வாங்கிக்கொண்டு முள்ளம்பன்றியின் பட்டறைக்குப் போயிற்று.

முள்ளம்பன்றி காட்டெருமையின் பைக்குக்கு அதே மாதிரி லைட்டைத்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

“பேட்டரியிலேர்ந்து தனி வயர் இழுக்கணும். ஃபியூஸ், ரிலே, தனி சுவிட்ச் வைக்கணும். ரெண்டு நாள் ஆகும்.”

“நாளைக்குக் காலையில பொண்ணு பார்க்கப் போகணும்ணே!”

“அப்ப லைட் இல்லாமப் போ. ஃபியூஸ் இல்லாமப் போகாதே.”

இவ்வளவு நல்ல புத்திமதியைக் கேட்டால் யாரும் என்ன செய்வார்களோ, அதையே கரடியும் செய்தது. நேராக எதிர்க்கடைக் குரங்கிடம் போயிற்று.

“ரிலேயா? அதெல்லாம் சும்மா பந்தா, மாப்ளே!” என்றது குரங்கு. ஹெட்லைட் வயரைப் பல்லால் சீவி, எல்லா வயரையும் அதோடு முறுக்கி, கருப்பு டேப்பைச் சுற்றியது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சுவிட்சைத் தட்டியதும் எதிர்ச்சுவர் வெளுத்துப்போனது. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மலையேறும்போது கரடி ஒரு வளைவில் ஹாரன் அடித்தது. கிழங்கு சுடுகிற வாசனை வந்தது. யாரோ காலைச் சாப்பாட்டுக்குத் தயார் செய்கிறார்கள் என்று நாக்கைச் சப்புக்கொட்டியது. பிறகுதான் தன் தொடையே சுடுவது தெரிந்தது. சீட்டுக்கடியில் புகை! குதித்திறங்கி ஈர மண்ணை அள்ளிப்போட்டு அணைத்தது. லைட், ஹாரன், இன்ஜின் எல்லாம் போயே போய்விட்டன. ‘இந்தப் பொண்ணும் போச்சு’ என்று விசும்பியபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தது.

மலையுச்சிச் சோதனைச் சாவடியில் சாலைப் பாதுகாப்பு வாரம். முன்மாதிரி ஓட்டுநருக்கு என்று வாங்கிய சாமந்தி மாலை, ஆள் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தது. ஓரமாகக் காட்டெருமை கையைப் பிசைந்துகொண்டு நின்றது. முள்ளம்பன்றி மாட்டிய லைட் அவ்வளவு கச்சிதமாக எரிந்ததால், தூரத்திலேயே மாட்டிக்கொண்டது. கண்ணைக் கூசும் கூடுதல் லைட் சட்டப்படி குற்றம் என்று வண்டி பறிமுதல்.

அடுத்து வந்த கரடியைச் செந்நாய் இன்ஸ்பெக்டர் மறித்தார்.

“ஓய், அந்த லைட்டைப் போடு!”

போட்டது. எரியவில்லை.

“ஹாரன் அடி!”

சத்தமே இல்லை.

“எவ்வளவு வேகத்துல வந்தே?”

“தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன், ஐயா.”

இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. “கண்ணைக் கூசாத லைட்டு, காதைக் கிழிக்காத ஹாரன், நடக்கிற வேகம்! எங்கய்யா அந்த மாலை?”

மாலையும் கழுத்துமாகக் கரடி பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. “மாப்பிள்ளைக்கு சர்க்காரே மாலை போட்டு அனுப்பியிருக்கே!” என்று வாயைப் பிளந்தவர்கள், கையோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வண்டியை மீட்ட காட்டெருமை, மறுவாரமே குரங்குக் கடை வரிசையில் நின்றது. “கரடிக்குப் போட்ட மாதிரியே போட்டுக் கொடு” என்றது. அதற்கு முன்னால் நின்றது முள்ளம்பன்றி.

நீதி: லைட் எரிந்தால் குற்றம், வயரே எரிந்துவிட்டால் ஒழுக்கம்.